கொழுப்பு போனது, தோல் தங்கியது

பினாங்கு ஜார்ஜ் டவுன் லெபோ பாசாரில் குறுகலான மாடிப்படி ஏறிப் போக வேண்டிய ஒரு தையற்கடை. என் பெரியம்மா மகள் கைகளைப் பக்கவாட்டில் நீட்டியபடி நின்றார். தையற்காரர் மேற்கையின் நடுவில் அளவுநாடாவைச் சுற்றினார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து எழுதினார். வலது 13¾, இடது 14. பிறகு பழைய நோட்டைப் புரட்டினார். போன தீபாவளிக்கு எடுத்த அளவில் வலது 14¼, இடது 14 என்று இருந்தது. "பெரிதாக ஒன்றும் மாறவில்லை அம்மா, பழைய ரவிக்கையைக் கொஞ்சம் பிடித்தாலே போதும்" என்று இயல்பாகச் சொன்னார். விஷயம் அவருக்குத் தெரியாது. அதற்கு ஐந்து வாரம் முன்புதான் அக்கா கோலாலம்பூருக்குப் போய் இரண்டு கைகளிலும் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லிப்போசக்ஷன் சிகிச்சை செய்துகொண்டிருந்தார். மகளின் கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது.

படியிறங்கும்போது அவர் கேட்டது ஒரே கேள்வி: "என் காசைத் தண்ணீரில் போட்டுவிட்டேனா?"

அன்று என்னிடம் பதில் இல்லை. அதன்பின் மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். இந்த நிலையில் வாய் திறக்காமல் தவிக்கும் பெண்கள் நம்மிடையே அதிகம். உறவினரிடம் சொன்னால் கிடைப்பது "உனக்கு எதற்கு இந்த வயதில் இதெல்லாம்" என்ற வசவு. அதற்குப் பயந்து மறு ஆலோசனைக்குக்கூடப் போகாமல் இருந்துவிடுகிறார்கள். அது அநியாயம். பணம் கொடுத்துச் செய்துகொண்ட ஒரு சிகிச்சையைப் பற்றிக் கேள்வி கேட்க எந்தப் பெண்ணும் வெட்கப்பட வேண்டியதில்லை.

ஐந்தாவது வாரத்தில் அளவெடுத்ததே முதல் பிழை. இந்தச் சிகிச்சையில் இன்று பரவலாக இருக்கும் முறை, அமெரிக்கத் தோல் மருத்துவர் ஜெஃப்ரி கிளீன் 1987-இல் வெளியிட்டது. உப்புநீரில் மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்னையும் இரத்தக் கசிவைக் குறைக்கும் அட்ரினலினையும் கலந்து, கை விறைக்கும் அளவுக்கு உள்ளே செலுத்துவார்கள். பிறகு மழுங்கிய முனையுள்ள மெல்லிய குழாயை நுழைத்து முன்னும் பின்னும் ஓட்டிக் கொழுப்பை உறிஞ்சுவார்கள். வெளியே தெரிவது ஓரிரு சிறு துளைகள்தான். தோலுக்கு அடியிலோ, உழுதுபோட்ட வயல் போல ஒரு பரப்பு முழுவதும் காயம். அந்தக் காயத்தில் நீர் கோக்கும். கன்றிய இரத்தம் புவியீர்ப்பில் இறங்கி முழங்கைக்குக் கீழே வரை நீலம் பாயும். சில நாள் புறங்கைகூட உப்பும். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் உள்ளே தழும்புத்திசு உருவாகத் தொடங்குகிறது. தொட்டால் கயிறு போலவும் கோலிக்குண்டு போலவும் நெருடும். பலர் இதைக் கண்டு கொழுப்பு கட்டிவிட்டது என்று பதறுகிறார்கள். பெரும்பாலும் அது ஆறும் காயத்தின் கடினம். வீக்கத்தில் பெரும்பகுதி மூன்று மாதத்தில் வடியும், மிச்சம் வடிய ஆறு மாதம்வரை ஆகும். தோல் மரத்துப்போன உணர்வும் அப்படித்தான் மெல்ல மெல்லத் திரும்பும்.

நம் ஊர் வெயிலில் இதற்கு இன்னொரு சோதனை உண்டு. சிகிச்சைக்குப் பின் நான்கிலிருந்து ஆறு வாரம் அழுத்த உறை போட்டிருக்கச் சொல்வார்கள். தோள்பட்டை முதல் மணிக்கட்டுவரை இறுக்கிப் பிடிக்கும் துணி அது. அக்கா அதைப் போட்டுக்கொண்டு ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் போய் வந்தால், கழற்றும்போது அக்குள் முழுக்க வேர்க்குருவும் முழங்கை மடிப்பில் சிவந்த கோடுமாக இருக்கும். மூன்றாவது வாரம் பகலில் கழற்றி வைத்துவிட்டார். அந்தக் கோடு சாதாரணமானதன்று. உறை ஓரிடத்தில் மடிந்து பள்ளமாக அழுத்தினால், வீக்கம் அந்தப் பள்ளத்தின் இருபுறமும் தேங்கும். உறை சரியாகப் பொருந்தவில்லை என்றால் கழற்றி வீசாமல், கிளினிக்கில் காட்டி வேறு அளவு கேட்க வேண்டும். எண்ணெய் தேய்த்து அழுத்தி உருவிவிடும் அம்மாக்களிடம் முதல் சில வாரங்களில் கையைக் கொடுக்கவும் கூடாது. நிணநீர் வடிவதற்கான மென்மையான நீவல் வேறு, நம் வீட்டு உருவல் வேறு.

காத்திருக்கக் கூடாத நிலையும் உண்டு. காய்ச்சல், பரவிக்கொண்டே போகும் சிவப்பு, துளையிலிருந்து சீழ், ஒரு கை மட்டும் திடீரென்று வீங்கி வலிப்பது, மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் செய்துவிட்ட கிளினிக்கின் பதிலுக்காக வாட்ஸ்அப்பைப் பார்த்துக்கொண்டிருக்காமல் பக்கத்திலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

சரி, வீக்கம் முழுவதும் வடிந்த பிறகு எவ்வளவுதான் குறையும்? இந்தக் கணக்கை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்பதில் எனக்குக் கோபம் உண்டு. பள்ளிக்கூடக் கணிதமே போதும். மேற்கையை 25 சென்டிமீட்டர் நீளமுள்ள உருளையாக வைத்துக்கொள்வோம். சுற்றளவு 14 அங்குலம். அதிலிருந்து 250 மில்லிலிட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு தே தாரிக் கோப்பை அளவுக்குச் சுத்தமான கொழுப்பை எடுத்துவிட்டால் சுற்றளவு ஏறத்தாழ 13¼ ஆகிறது. குறைவது முக்கால் அங்குலம். அவ்வளவுதான். ஒரு கையில் எடுப்பது பொதுவாகச் சில நூறு மில்லிலிட்டர் மட்டுமே. குப்பியில் தெரியும் அளவில் செலுத்திய உப்புநீரும் கலந்திருக்கும். முக்கால் அங்குலம் ரவிக்கைக் கைக்கு நல்ல மாற்றம்தான், தைப்பவர்களுக்கு அது தெரியும். ஆனால் கைப்பேசியில் யாரோ காட்டிய படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு போனவருக்கு அது ஏமாற்றமாகத்தான் படும்.

இனி தோல். ஏமாற்றத்தின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஈவ் ஜெரார் இலூஸ் 1977-இல் ஓர் இளம்பெண்ணின் முதுகில் இருந்த கொழுப்புக்கட்டியை, பெரிய தழும்பு விழக்கூடாது என்பதற்காகச் சிறு துளை வழியே உறிஞ்சி எடுத்தார். இன்றைய சிகிச்சை அந்தத் துளையிலிருந்து வளர்ந்தது. தோலை வெட்டாமல் உள்ளிருப்பதை மட்டும் எடுப்பதுதான் இதன் பெருமை. இதன் எல்லையும் அதுவேதான். தலையணையிலிருந்து பஞ்சைப் பாதி எடுத்துவிட்டால் உறை தானாகச் சிறிதாவதில்லை. இளம்வயதில் தோலில் இருக்கும் கொலாஜன், எலாஸ்டின் என்னும் புரத இழைகள் ஓரளவு சுருங்கி உள்ளளவுக்கு ஒட்டிக்கொள்ளும். வயது ஏறினால், மாதவிடாய் நின்றால், புகைபிடித்தால், வெயிலில் காய்ந்தால், எல்லாவற்றுக்கும் மேலாகப் பெருமளவு எடை கூடி இறங்கியிருந்தால் அந்தச் சுருங்கும் ஆற்றல் குறைந்துவிடும். மேற்கையின் உட்புறத் தோல் இயல்பாகவே மெல்லியது. அதனால் வயிற்றிலும் தொடையிலும் ஒளிந்துகொள்ளும் தொய்வு இங்கே ஒளியாது.

அக்காவுக்கு 46 வயது. இரண்டு பிள்ளைப்பேறு. முந்தைய இரண்டு ஆண்டுகளில் பூங்காவில் நடந்து நடந்தே 18 கிலோ குறைத்திருந்தார். கையை நீட்டினால் கீழே தொங்கியதில் கொழுப்பு பாதி, காலியான தோல் பாதி. அந்தக் காலியான பாதியை எந்தக் குழாயாலும் உறிஞ்ச முடியாது. இருந்த கொழுப்பையும் எடுத்ததால் தொய்வு முன்பைவிடக் கூடுதலாகத் தெரிந்தது. நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கையைத் தோள் உயரத்துக்கு நீட்டி, தொங்கும் சதையை இரு விரலால் கிள்ளிப் பிடியுங்கள். விரல்களுக்கிடையில் தடிமனாக இருந்தால் கொழுப்பு. இரண்டு தாள் சேர்ந்தது போல மெலிதாக இருந்தால் தோல். சிகிச்சைக்கு முன் இந்த ஒரு கிள்ளலை அந்தக் கிளினிக்கில் யாரும் செய்து காட்டவில்லை என்று அக்கா சொன்னார். எடை, உயரம், இரத்த அழுத்தம் எல்லாம் பார்த்தார்கள். தவணைத் திட்டத்தை விளக்கினார்கள்.

தொய்ந்த தோலுக்கு உண்மையான மாற்று, கைத்தோலை வெட்டித் தைக்கும் அறுவை. பிராக்கியோபிளாஸ்டி என்பார்கள். அதன் விலை ஒரு நீண்ட தழும்பு. அக்குளிலிருந்து முழங்கை அருகே வரை கையின் உட்புறம் ஓடும். வெளிற ஓராண்டு அல்லது அதற்கு மேலும் ஆகும். நம் நிறத் தோலில் தழும்பு தடித்துப் புடைக்கும் வாய்ப்பும் கறுத்துப்போகும் வாய்ப்பும் கூடுதல். காது குத்திய இடத்திலோ பிள்ளைப்பேற்று அறுவையிலோ ஏற்கெனவே தழும்பு புடைத்தவர் என்றால் அதை மருத்துவரிடம் முதலில் சொல்லிவிட வேண்டும். தொய்வோடு வாழ்வதா, தழும்போடு வாழ்வதா என்பதை அந்தப் பெண்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டிலும் தவறில்லை. வெப்ப அலை பாய்ச்சித் தோலை இறுக்கும் கருவிகளையும் சிலர் பரிந்துரைப்பார்கள். தொய்வு கொஞ்சமாக இருந்தால் ஓரளவு பலன் உண்டு. தொங்கும் தோலை அவை தூக்கி நிறுத்தாது, தோல் வெந்துபோகும் அபாயமும் இருக்கிறது.

சிகிச்சை செய்தவரே பிழை செய்த இடங்களும் உண்டு. தோலுக்கு மிக அருகில் குழாயை ஓட்டினால் மேற்பரப்பு அலை அலையாகிவிடும். ஓரிடத்தில் அதிகம் எடுத்துவிட்டால் பள்ளம் விழும், சில நேரம் தோல் அடியிலுள்ள தசையோடு ஒட்டிக்கொண்டு கையை மடக்கும்போது உள்ளே இழுக்கும். பயந்து பயந்து குறைவாக எடுத்தால் இடையிடையே மேடு நிற்கும். பின்புறத்தை மட்டும் உறிஞ்சிவிட்டு அக்குள் முன்னால் பிதுங்கும் சதையை விட்டுவிட்டால், நேரே நின்று எடுக்கும் படத்தில் கை பழையபடியே பருத்துத் தெரியும். மேட்டைத் திரும்ப உறிஞ்சலாம். பள்ளத்துக்கு உடம்பின் வேறோர் இடத்துக் கொழுப்பை எடுத்து நிரப்பலாம், அதில் ஒரு பகுதி கரைந்தே போகும் என்பதால் ஒரே முறையில் சரியாகும் என்று எண்ணக் கூடாது. எதுவானாலும் ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும், ஓராண்டு பொறுப்பது இன்னும் நல்லது. வீக்கம் இருக்கும்போதே திருத்தப் போனால், நாளை தானாக வடிந்துவிடக்கூடிய மேட்டை இன்று உறிஞ்சி அங்கே பள்ளம் செய்வதாக முடியும். "அடுத்த வாரமே இலவசமாகத் திருத்தித் தருகிறோம்" என்று யாராவது அழைத்தால் போகாதீர்கள். இரண்டு கையும் அச்சு எடுத்தது போல இருக்காது என்பதும் நினைவிருக்கட்டும். வலது கைப் பழக்கமுள்ளவருக்கு வலது கை சற்றுப் பருத்திருப்பது இயல்பு. தையற்காரரின் பழைய நோட்டிலேயே கால் அங்குல வித்தியாசம் இருந்ததைப் பார்த்தோம்.

இன்னும் சிலருக்குக் கோளாறு வேறிடத்தில். இரு கைகளும் ஒரே சீராகப் பருத்து, அழுத்தினால் வலித்து, லேசாக இடித்தாலே கன்றி, மணிக்கட்டோடு பருமன் நின்றுவிட்டால் அது லிப்பிடீமா என்னும் நோயாக இருக்கலாம். 1940-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் ஆலனும் ஹைன்ஸும் முதலில் விவரித்தது. உணவைக் குறைத்தாலும் அந்தக் கொழுப்பு இறங்குவதில்லை. அதற்கான அணுகுமுறையே வேறு. மார்பகப் புற்றுநோய்க்கு அக்குள் நிணநீர்க் கணுக்களை எடுத்தவரின் ஒரு கை பருத்தால் அதையும் அழகுப் பிரச்சினையாகப் பார்க்கக் கூடாது.

எடை கூடினால் கைக்கு மீண்டும் கொழுப்பு வரும். கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், தொடையிலும் அடிவயிற்றிலும் கொழுப்பை எடுத்துக்கொண்ட பெண்களுக்கு ஓராண்டுக்குள் அதே அளவு கொழுப்பு உடம்புக்குத் திரும்பிவிட்டது. திரும்பிய இடங்கள் மேல்வயிறும் தோள் பகுதியும் மேற்கையின் பின்புறமும். வயிற்றில் செய்துகொண்ட பிறகு கை பருத்துவிட்டதே என்று சொல்லும் பெண்களை நாம் நம்பாமல் சிரித்திருப்போம். அவர்கள் சொன்னது மெய்.

இனி யாரிடம் செய்துகொண்டோம் என்ற கேள்வி. 2020 அக்டோபரில் கோலாலம்பூர்ப் பக்கம் செராஸில் ஓர் அழகு நிலையத்தில் கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சையின்போது 23 வயதுப் பெண் ஒருவர் உயிரிழந்தார். அழகு நிலையத்தில் இதைச் செய்வதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் செய்துகொண்டு கை கோணிப்போனவர்கள், தாமும் தவறு செய்துவிட்டதாக எண்ணி ஒளிந்துகொள்ளாமல் சுகாதார அமைச்சிடம் சொல்ல வேண்டும். அடுத்த பெண்ணின் உயிர் அதில் இருக்கிறது. செய்தவர் மருத்துவர் என்றால் அவர் பெயர் மலேசிய மருத்துவ மன்றத்தின் பதிவேட்டிலும், நிபுணர் என்று சொல்லிக்கொண்டால் தேசிய நிபுணர் பதிவேட்டிலும் இருக்கிறதா என்று எவரும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். பிளாஸ்டிக் அறுவை நிபுணரும், அழகுச் சிகிச்சை செய்யும் பொது மருத்துவரும் ஒன்றல்லர்.

விளைவு பிடிக்கவில்லை என்பது மட்டும் மருத்துவக் கவனக்குறைவு ஆகிவிடாது. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டது தனிக் குற்றச்சாட்டு. நோயாளியின் முடிவைப் பாதிக்கக்கூடிய அபாயங்களை மருத்துவர் எடுத்துச் சொல்லியாக வேண்டும் என்று ஃபூ ஃபியோ நா என்ற நோயாளி தொடுத்த வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் 2006-இல் தீர்ப்பளித்தது. அந்தக் கடமையை 2017-இல் மீண்டும் உறுதிப்படுத்தியது. "தோல் தொங்கும்" என்று முன்பே சொன்னார்களா, ஒப்புதல் தாளில் அது இருந்ததா என்பது ஆகவே கனமான கேள்வி. மருத்துவரின் நடத்தை பற்றிய புகார் மலேசிய மருத்துவ மன்றத்துக்குப் போகும். கிளினிக்கின் உரிமம், வசதி பற்றியது 1998-ஆம் ஆண்டின் தனியார் சுகாதார வசதிகள் சட்டத்தின்கீழ் சுகாதார அமைச்சுக்குப் போகும். பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாமே என்று பலர் சொல்வார்கள். 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் மருத்துவர்கள் தரும் சிகிச்சையைத் தன் வரம்பிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது என்பதால் அந்தக் கதவு மூடியது. தனியார் மருத்துவர்மீது நீதிமன்றத்துக்குப் போவதாக இருந்தால் 1953-ஆம் ஆண்டின் கால வரம்புச் சட்டப்படி ஆறு ஆண்டுகள். எந்த வழியில் போவது என்று புரியாதவர்கள் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். பழையவர்கள் கிரீன் லேன் என்று சொல்லும் ஜாலான் மஸ்ஜிட் நெகிரியில்தான் அதன் அலுவலகம். தமிழிலேயே பேசலாம்.

சண்டைக்குப் போகும் முன் ஒரு வேலை இருக்கிறது. மாதம் ஒரு முறை, ஒரே சுவர் முன்னால், ஒரே வெளிச்சத்தில், கையைத் தொங்கவிட்டும் நீட்டியும் படம் எடுத்து வையுங்கள். ஒரே ஆள் ஒரே இடத்தில் நாடா பிடிக்கட்டும். கிளினிக்கில் மருத்துவ அறிக்கையைக் கேளுங்கள். எந்தக் கையில் எவ்வளவு எடுத்தார்கள், என்ன மருந்து எவ்வளவு செலுத்தினார்கள் என்று அதில் இருக்க வேண்டும். பிறகு, செய்தவரைச் சாராத இன்னொரு பிளாஸ்டிக் அறுவை நிபுணரிடம் அந்தத் தாளையும் படங்களையும் காட்டுங்கள். போனதும் "சரி செய்ய முடியுமா" என்று கேட்காதீர்கள். "இப்போது என் கையில் மிச்சம் இருப்பது வீக்கமா, கொழுப்பா, தோலா, தழும்பா" என்று கேளுங்கள். அதற்குப் பதில் கிடைத்த பிறகுதான் அடுத்த சிகிச்சையைப் பற்றிய பேச்சு.

கண்ணாடி முன் மணிக்கணக்கில் நின்று கையையே பார்த்து, வெளியே போவதை நிறுத்தி, தூக்கம் கெட்டுப் போனவர்களுக்கு இன்னொரு அறுவை மருந்தாகாது. மனநல மருத்துவரைப் பார்ப்பதே முதலில் நல்லது. உடல் தோற்றம் குறித்த தீராத வதைப்பு மருத்துவத்தில் பெயருள்ள ஒரு நோய், அதற்குச் சிகிச்சையும் உண்டு.

கல்யாணத்தில் அக்கா முழங்கைவரை கை வைத்த ரவிக்கை போட்டார். ஏழாவது மாதம் மறுபடியும் லெபோ பாசார் மாடிக்குப் போனோம். தையற்காரர் நாடாவைச் சுற்றி எழுதினார். வலது 13½-க்கு ஒரு நூல் (அரைக்கால் அங்குலம்) குறைவு, இடது 13½-க்கு ஒரு நூல் கூடுதல். அன்று இரவு, கேட்டு மூன்று வாரம் கழித்து வந்துசேர்ந்த மருத்துவ அறிக்கையைப் பிரித்தோம். வலது கையிலிருந்து 350 மில்லிலிட்டர், இடது கையிலிருந்து 200, செலுத்திய நீரையும் சேர்த்து. நாடாவும் தாளும் ஒன்றையே சொல்லின. ஒப்புதல் தாளின் நான்கு பக்கங்களையும் விரல் வைத்து வரி வரியாகத் தேடினார் அக்கா. இரத்தக் கசிவு இருந்தது, தொற்று இருந்தது, மரத்துப்போதல் இருந்தது. தோல் தொய்வு என்று எங்கும் இல்லை. கையை நீட்டித் தொங்கும் தோலை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துவிட்டு, வெட்டித் தைத்துக்கொள்ளப் போவதில்லை என்றார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, மருத்துவ மன்றத்துக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தின் முதல் வரியைச் சொல்லச் சொல்ல என்னை எழுத வைத்தார்.